துண்டு எழுதியவரும் துண்டு வாங்கியவரும்

(கண்டியில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினர், ஆசிரியர்கள் கலந்துகொண்ட சங்கக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எழுத்தறிவும் அதிகாரமும் என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம், வீடு, காணி என்று நமக்கு எத்தனையோ பிரச்சினைகள் இருக்கும்போது, பள்ளிக்கூடத்து விஷயம் சங்கக் கூட்டத்தில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நமது சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். நம்மை இருநூறு வருடங்களாகக் கட்டிவைத்தவற்றில் கடதாசியும் ஒன்று. அதை எழுதியவர் வேறு ஆள். அதற்குக் கட்டுப்பட்டவர்கள் நாம்.

‘துண்டு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சம்பளத் துண்டு, மருந்துத் துண்டு என்று இன்றைக்கும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குத் தோட்டத்தில் ஒரு பழைய அர்த்தம் உண்டு. கோப்பிக் காலத்திலிருந்து கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து நமது முன்னோர்களைக் கூட்டி வந்தார்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், ‘இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுதான் துண்டு. கடன் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று கணக்கு வைத்தவர் கங்காணி. சீட்டு எழுதியவர் துரை. கடன்காரர் என்று பெயர் எடுத்தவருக்கோ அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஒரு குடும்பத்தையே அந்தச் சின்னக் கடதாசி பிடித்து வைத்திருந்தது. 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

துண்டு போனது. கடதாசியின் ஆட்சி போகவில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. ஆனால் நமது மக்களுக்கு மட்டும் நிபந்தனை வைத்தார்கள். இந்நாட்டை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் எழுத்தறிவும் சொத்து அல்லது வருமானமும் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கும் வாக்கு இருந்தது. தோட்டத்தில் எழுத்தறிவு ஒரு கதவாக நின்றது. தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தைக் கொடுக்காதவர்கள்தான் எழுத்தைக் காட்டி வாக்குக் கேள் என்றார்கள்.

அப்படி இருந்தும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நமது பக்கத்து நாவலப்பிட்டியும் அதில் ஒரு தொகுதி. அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. அதே 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். எத்தனை வருடம் இருந்தோம், எங்கே இருந்தோம், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்பதற்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டும். ஏறக்குறைய 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஒரு திகதி தவறியது, ஒரு பெயர் மாறியது, ஒரு சான்றிதழ் இல்லாமல் போனது என்று தள்ளுபடியானவை எத்தனை! பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். அக்காள் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று பிரிந்த குடும்பங்கள் நமது லயங்களில் இன்னும் இருக்கின்றன.

இத்தனையும் நடந்தபோது தோட்டப் பாடசாலை எப்படி இருந்தது? 1907இலும் 1920இலும் சட்டங்கள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 10 வயது வரைக்கும் படிப்புக் கொடுப்பது தோட்டத்துரையின் பொறுப்பு என்று ஆனது. அந்தப் பத்து வயதைக் கவனியுங்கள். பத்து வயதுக்கு மேல் பிள்ளைக்குக் கூடை காத்திருந்தது. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. ஆசிரியருக்குச் சம்பளம் தோட்டத்திலிருந்து. அவர் எதைச் சொல்லிக் கொடுப்பார், எதைச் சொல்லிக் கொடுக்கப் பயப்படுவார் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது நாடே கொண்டாடியது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அவை பெருமளவில் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. முப்பது வருடப் பிந்தல். அந்த முப்பது வருடத்தில் படித்திருக்க வேண்டியவர்கள்தான் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்.

அந்தக் காலத்திலும் சும்மா இருக்காதவர்கள் இருந்தார்கள். கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் அந்தச் செய்திகளைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்குக் காது இருக்கிறதல்லவா? புசல்லாவையில் கே. இராஜலிங்கம் சரஸ்வதி பாடசாலையை நிறுவினார். சங்கமும் பாடசாலையும் நமக்கு ஆரம்பத்திலேயே ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இனி இன்றைய வகுப்பறைக்கு வருவோம்.

இன்றைக்குப் பாடசாலைக் கட்டடம் இருக்கிறது. 1980இலிருந்து பாடப்புத்தகம் இலவசம். நமது மக்களிலிருந்தே ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள். இவை போராடிப் பெற்றவை. ஆனால் பிள்ளையை வகுப்புக்குள் உட்கார வைத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிட்டதாக ஆகாது. வகுப்புக்குள் யாருடைய தமிழுக்கு மரியாதை? யாருடைய கதை பாடம்? யாரைப் பார்த்து ஆசிரியர் கேள்வி கேட்கிறார்? இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் மொழி. நமது பிள்ளை பாடசாலைக்கு வரும்போதே ஒரு தமிழோடு வருகிறது. காம்பரா, இஸ்தோப்பு, பெரட்டு, கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு, மட்டக்கம்பு, படங்கு. ஒரு நாள் வேலையை நாம் ‘பேர்’ என்கிறோம். பாதி நாள் என்றால் ‘அரைப்பேர்’. இவை நமது உழைப்பிலிருந்து பிறந்த சொற்கள். பிள்ளை வாயைத் திறந்து ‘அம்மா பெரட்டுக்குப் போயிருச்சு சேர்’ என்று சொன்னால், ‘இது என்ன தோட்டத்துப் பேச்சு?’ என்று வகுப்பே சிரிக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அன்றைக்கு அந்தப் பிள்ளை ஒரு பாடத்தை நன்றாகப் படித்துக்கொள்கிறது: வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நல்லது என்ற பாடம். இருபது வருடம் கழித்துத் தோட்டக் காரியாலயத்து ஜன்னலுக்கு முன்னால், தொழிற் திணைக்களத்தில், ஆஸ்பத்திரியில் அது வாயை மூடிக்கொண்டே நிற்கும்.

எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் கற்பிக்க வேண்டும். பரீட்சை அந்தத் தமிழில்தான். விண்ணப்பம், சட்டம், பத்திரிகை எல்லாம் அந்தத் தமிழில்தான். அதை நமது பிள்ளைக்குக் கொடுக்காமல், உன் பேச்சே போதும் என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதும் அநியாயம்தான். வீட்டுத் தமிழைப் பிடுங்கிக்கொண்டு எழுத்துத் தமிழைக் கொடுக்காதீர்கள், வீட்டுத் தமிழின் மேல் நிற்க வைத்துக் கொடுங்கள் என்பதே நமது கோரிக்கை. ‘கொழுந்து’ என்ற சொல்லில் மூன்று தமிழ் உயிர்மெய்யும் ஒரு மெய்யும் இருக்கின்றன. சிறப்பு ழகரத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல சொல் எங்கே தேடுவது? தாய் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல் அது.

இரண்டாவது, யாருடைய கதை? லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பரீட்சையில் வரும். அந்த 19 ஏக்கர் காட்டை வெட்டியவர் யார், கன்று நட்டவர் யார், கொழுந்து எடுத்தவர் யார் என்று கேட்டால் பிள்ளை முழிக்கிறது. லூல்கந்துர இருக்கிற அதே ஹேவாஹெட்ட மலைப்பக்கத்தில்தான் முல்லோயா தோட்டமும் இருக்கிறது. நாட்சம்பளத்தில் 16 சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசாரின் துப்பாக்கிக்குத் தொழிலாளி கோவிந்தன் பலியான இடம் அது. ஒரே மலையில் இரண்டு திகதிகள். ஒன்று பிள்ளைக்கு மனப்பாடம். மற்றது அதன் காதிலேயே விழுவதில்லை. இந்த இரண்டில் எதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் ஓர் அதிகாரம்தான்.

நமக்குச் சுற்றிலும் பாடம் இருக்கிறது. ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்களைப் பார்க்கலாம். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் 2007இல் திறக்கப்பட்டது. அங்கே லயக் காம்பராவையே பார்க்கலாம். பிள்ளைகளை இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போவோம். பிறகு எழுதச் சொல்வோம். காமன் கூத்தையும் அர்ச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் விடிய விடிய மனப்பாடமாக ஆடிப் பாடுகிற வாத்தியார்மார் நமது தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரை ‘படிக்காதவர்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது என்ன கணக்கு? சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாக நமது பாடல்களைச் சேகரித்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். அந்த வேலையை இன்றைக்கு ஏழாம் தரத்துப் பிள்ளை தன் பாட்டியிடம் உட்கார்ந்து செய்யலாம். பாட்டி சொல்ல, பேத்தி எழுத, இரண்டு பேரும் படிப்பார்கள்.

மூன்றாவது, வகுப்புக்குள் நியாயம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாலு பிள்ளைகளைத் தயார்படுத்தி, மற்ற இருபது பேரைப் பின்வரிசையில் விட்டுவிட்டால் பாடசாலைக்குப் பெயர் வரும், பிள்ளைகளுக்கு எழுத்து வராது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிற பெண்பிள்ளை, காலையில் வெறும் வயிற்றோடு இரண்டு மைல் நடந்து வருகிற பிள்ளை, சாதியின் பெயரால் லயத்தில் ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை இவர்கள்தான் எப்போதும் அந்தப் பின்வரிசை. முற்றம் கூட்ட ஆள் வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுகிறோம், பேச்சுப் போட்டி என்றால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தாலே போதும். வகுப்பின் நியாயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கண்டிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நுவரெலியாவைப் போல இங்கே தோட்டங்கள் தொடர்ச்சியாக இல்லை. பன்விலை, ரங்கலை, தெல்தோட்டை, கலஹா, ஹந்தானை என்று சிதறிக் கிடக்கின்றன. நடுவில் சிங்களக் கிராமங்கள். அதனால் பாடசாலைகள் சிறியவை. பிள்ளைத்தொகை குறைந்தால் மூடுவதைப் பற்றிப் பேச்சு எழும். ஐந்தாம் தரத்தோடு நிற்கிற சின்னப் பாடசாலை மூடப்பட்டால் முதலில் நிற்கப் போவது மேலே சொன்ன பின்வரிசைப் பிள்ளைதான். ஹந்தானை மலையின் ஓரத்தில் 1952இலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே மலையில் லயங்களும் இருக்கின்றன. பார்வைக்குப் பக்கம். ஆனால் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் உயர்தரம் வரை படிக்க நமது பிள்ளை எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் வாழ்கிற நமது பிள்ளைகள் சிங்களத்தை எழுதவும் வாசிக்கவும் நன்றாகப் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டாரோடு பழகவும், கண்டி டவுனில் வேலை பார்க்கவும், பொலிசில் எழுதித் தருகிற வாக்குமூலத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாமல் இருக்கவும் அது வேண்டும். அதே சமயம் தமிழில் பதில் பெறுவது நமது உரிமை. வடக்கு கிழக்குக்கு வெளியிலும் அரச அதிகாரிக்குத் தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எழுத முடியாதவர் வாயால் கேட்டால், அதை எழுதிக்கொள்வது தகவல் அதிகாரியின் கடமை என்கிறது. சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதைப் பாவிக்கத் தெரிந்த ஆள் நமது தோட்டத்தில் எத்தனை பேர்?

வளர்ந்தவர்களின் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டில் பாவுலோ பிரெய்ரே என்ற ஆசிரியர் இருந்தார். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பிக்கும் திட்டத்தை நடத்தினார். ‘அ - அணில்’ என்று அவர் தொடங்கவில்லை. அவர்கள் வேலையில் புழங்குகிற சொல்லை எடுத்தார். அதைப் பற்றிப் பேச வைத்தார். பிறகு எழுத வைத்தார். அந்த நாட்டிலும் அப்போது எழுத்தறிவில்லாதவருக்கு வாக்கு இல்லை. நமது 1931ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தது. பிறகு அவர் பல வருடங்கள் நாட்டுக்கு வெளியே வாழ வேண்டியதாயிற்று. வெறும் ஆனா ஆவன்னா கற்பித்தவரை எந்த இராணுவமும் சிறையில் போடாது.

நமது பாட்டன் பூட்டன் வந்த புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைக்கிற பெண்களும் வயல் வேலை செய்கிற பெண்களும் எழுத்துப் படித்தார்கள். கூடவே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே நடத்திய பெண்கள் குழுக்களும் அங்கே உருவாயின. எழுத்தோடு சேர்ந்து சைக்கிளும் குத்தகையும் வந்ததால்தான் அந்த எழுத்து நின்றது.

இதே வழியில் நாங்கள் கொழுந்து எடுக்கும் தாய்மாரோடு இரவு வகுப்பு நடத்தும்போது ‘கழிவு’ என்ற சொல்லை முதல் பாடமாக வைக்கிறோம். க, ழி, வு. மூன்றே எழுத்து. நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள்? எதற்காக? கூடைக்கா, ஈரத்துக்கா? வெயில் நாளிலும் ஈரமா? பேச்சு சூடு பிடித்த பிறகு எழுத்து தானாக வருகிறது. அடுத்த பாடம் ‘பேர்’. அடுத்தது சம்பளத் துண்டு. ஒரு தாய் தன் துண்டை எடுத்து வைத்து, வேலை செய்த நாளையும் விழுந்த பேரையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, ‘ரெண்டு பேர் கொறையுதே’ என்று சொன்னார். மறுநாள் தலைவரையும் கூட்டிக்கொண்டு காரியாலயத்துக்குப் போனார். அடுத்த மாதத் துண்டில் அந்த இரண்டு பேரும் ஏறியிருந்தது. அந்த அம்மாவுக்கு இன்னும் முழுப் பத்திரிகை வாசிக்க வராது. ஆனால் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்றே நாங்கள் சொல்வோம்.

ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கு நாம் வைக்கும் வேலைகள் நான்கு.

ஒன்று: சம்பளத் துண்டு தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்போம். மாதத்தில் ஒரு மாலை, சம்பளத்துக்கு மறுநாள், துண்டு வாசிக்கும் கூட்டம் வைப்போம். சேமலாப நிதிக்கு நம்மிடமிருந்து நூற்றுக்கு 8, நிர்வாகத்திடமிருந்து 12. நம்பிக்கை நிதிக்கு நிர்வாகத்திடமிருந்து 3. இந்தக் கணக்கைப் போட ஆறாம் தரத்துப் பிள்ளை போதும். அம்மாவின் துண்டை மகள் கணக்குப் பார்க்கட்டும்.

இரண்டு: பெயர்களைச் சரிபார்ப்போம். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, சேமலாப நிதியில் லெச்சிமி என்று மூன்று ஆளாகிப் போன ஒரே தாய், ஓய்வு பெறும்போது தன் சொந்தக் காசுக்காக அலைகிறார். வேறு மொழியில் வேறு ஒருவர் எழுதிய பெயர் அது. ஒவ்வொரு குடும்பத்திலும் எல்லாப் பத்திரங்களையும் ஒரே இடத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இப்போதே திருத்த விண்ணப்பிப்போம். ஓய்வு பெறும் வயது வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மூன்று: பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வேலை நாளில் பகலில் நடந்தால், அதற்கு வருகிற தாய்க்கு ஒரு பேர் போகிறது. வராவிட்டால் ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்ற பெயர் வருகிறது. இது நியாயமா? கூட்டத்தைக் கொழுந்து நிறுத்த பிறகு மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைக்கச் சொல்லி அதிபர்களோடு பேசுவோம். வந்த தாய்மார் பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகாமல், தம் தமிழிலேயே எழுந்து பேசட்டும். அறிக்கையில் அவர்கள் சொன்னது எழுதப்பட்டதா என்று வாசித்துக் காட்டச் சொல்வோம்.

நான்கு: சின்னப் பாடசாலையை மூடும் பேச்சு வந்தால், அதைச் சம்பளப் பிரச்சினைக்குச் சமமாக எடுத்துச் சங்கம் தலையிட வேண்டும். ஆசிரியர் வெற்றிடங்களையும் அப்படியே. ஆசிரிய உதவியாளர்கள் என்று மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் நமது இளைஞர்களைத் தோட்டப் பாடசாலைகளுக்கு எடுத்த காலத்தை மறக்கக் கூடாது. தோட்டத்துப் பிள்ளைக்கு மலிவான ஆசிரியர் போதும் என்ற எண்ணமும், தோட்டத்துத் தொழிலாளிக்கு மலிவான கூலி போதும் என்ற எண்ணமும் ஒரே வேரில் முளைத்தவை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் வகுப்புக்குப் போனதும், இதுவரை வாய் திறக்காத பிள்ளை எது என்று பார்த்து, அதன் வீட்டுச் சொல் ஒன்றைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சம்பள நாளுக்கு மறுநாள் மாலை, பிள்ளைக் காம்பராவையோ கோயில் மண்டபத்தையோ திறந்து, விளக்குப் போட்டு, பாய் விரித்து வையுங்கள். தாய்மார் துண்டோடு வருவார்கள். வாசிக்கிற பிள்ளைகளை நாங்கள் கூட்டி வருகிறோம்.